பசும்பாலில் உள்ள பாக்டீரியாவை மரபணு வரிசைப்படுத்திப் பார்க்க: முதல்முறை இறங்குபவர்களுக்கு

என் முதல் 24 பால் மாதிரிகளின் முடிவு வந்த அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பாதிக்கு மேல் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. நாம்தான் புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டோம் என்று கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன். மறுநாள் சீனியர் அக்கா ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிளாங்க் எங்கப்பா?"

பிளாங்க், அதாவது பால் எதுவும் போடாமல் எல்லாக் கட்டத்தையும் கடத்தும் காலிக் குழாய், என்னிடம் இல்லை. காலிக் குழாய்க்கு எதற்குக் காசு கொடுப்பது என்று விட்டுவிட்டேன். ரால்ஸ்டோனியா தண்ணீரிலும், டி.என்.ஏ. எடுக்கும் கிட்டில் உள்ள திரவங்களிலும் சாதாரணமாக இருப்பது. நான் வரிசைப்படுத்தியது மாட்டுப் பாலையா, கிட் பாட்டிலையா என்று சொல்ல என்னிடம் எந்த வழியும் இல்லை. வரியோடு சேர்த்து ரூ.1.5 லட்சம் போனது.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன். அதில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். கால்நடை மருத்துவம், நுண்ணுயிரியல், பால்வளத் தொழில்நுட்பம் படிக்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை நினைத்து எழுதியது. விலைகள் நான் கேட்டபோது சொன்னவை. நீங்கள் ஒருமுறை புதிதாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"பாலில் என்னென்ன பாக்டீரியா இருக்கிறது" என்பது கேள்வி அல்ல. "மடிநோய் வெளியே தெரியாமல் இருக்கும் மாட்டின் பாலுக்கும் ஆரோக்கியமான மாட்டின் பாலுக்கும் பாக்டீரியாவில் வித்தியாசம் உண்டா" என்பது கேள்வி. எத்தனை மாடு, எந்தக் காம்பு, எந்த முறை என்று எல்லாமே அதிலிருந்துதான் வரும்.

முறை இரண்டு. ஒன்று, 16எஸ். எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், சுமார் 1,500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள ஒரு மரபணுவை மட்டும் பி.சி.ஆரில் பெருக்கிப் படிப்பது. அதில் ஒன்பது மாறும் பகுதிகள் உண்டு. பெரும்பாலோர் மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து எடுப்பார்கள். அதைத்தான் வி3–வி4 என்கிறார்கள். இரண்டாவது ஷாட்கன், அதாவது மாதிரியில் இருக்கும் மொத்த டி.என்.ஏ.வையும் படிப்பது.

பாலுக்கு ஷாட்கன் என்று யாராவது ஆசை காட்டினால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பாலில் மாட்டின் உடல் செல்கள் ஏராளம். மாட்டின் மரபணுத் தொகுதி பாக்டீரியாவுடையதைவிடப் பல நூறு மடங்கு பெரிது. நீங்கள் காசு கொடுத்துப் படிப்பதில் மிகப் பெரும்பங்கு மாடுதான். மடிநோய் உள்ள பாலில் வெள்ளணுக்கள் கூடுவதால் நிலைமை இன்னும் மோசம். முதல் வேலைக்கு 16எஸ் போதும்.

ஆனால் 16எஸ் துண்டை வைத்து இனம் வரை பெயர் சொல்ல முடியாது. ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று பேரினம் வரை சொல்லலாம். அது ஆரியஸா வேறொன்றா என்று வி3–வி4ஐ வைத்து அடித்துச் சொல்லக்கூடாது. ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் 16எஸ் மரபணு முழுவதையும் படித்தாலும் பிரிக்க முடியாது. இனம்தான் உங்கள் கேள்வி என்றால், பக்கத்திலேயே வளர்ப்புத் தட்டும் வையுங்கள்.

2. காகித வேலை: மாட்டைத் தொடுவதற்கு முன்

எனக்கு இதற்கே இரண்டரை மாதம் ஆனது. வேண்டியவை:

விலங்கு நெறிமுறைக் குழுவின் கடிதம். வழக்கமான கறவை நேரத்தில் பால் வாங்குவதற்கு எதற்கு அனுமதி என்று நானும் கேட்டேன். குழு "விலக்கு" என்று எழுதிக் கொடுத்தாலும் சரி, அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும். கட்டுரை அனுப்பும்போது இதழ்கள் அதன் எண்ணைக் கேட்கும், முன்தேதியிட்டு யாரும் தர மாட்டார்கள். குழு கூடுவது சில மாதங்களுக்கு ஒருமுறைதான். முதல் வேலையாக அடுத்த கூட்டத்தின் தேதியைக் கேளுங்கள்.

மாட்டுக்காரரின் ஒப்புதல், தமிழில், ஒரே பக்கத்தில். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிக் கைரேகை வாங்குங்கள். ஈரோடு பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அம்மா காகிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "ஏனுங் தம்பி, பால்ல சீக்கு இருக்குதுன்னு சொசைட்டில சொல்லிப்போடுவீங்களா?" என்றார். நியாயமான பயம். பாலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு அன்றாடப் பிழைப்பு போய்விடும். அன்றே படிவத்தில் ஒரு வரி சேர்த்தேன்: முடிவு மாட்டுக்காரரிடம் மட்டுமே சொல்லப்படும், சங்கத்துக்கோ வேறு யாருக்குமோ பெயரோடு போகாது. அதன்பிறகு அந்தத் தெருவில் எட்டு வீடு கையெழுத்துப் போட்டது.

மூன்றாவது, மாதிரி நாட்டை விட்டு வெளியே போகுமா என்ற கேள்வி. இந்தியாவில் அலுவலகம் வைத்திருக்கும் எல்லா நிறுவனமும் இங்கேயே வரிசைப்படுத்துவதில்லை. டி.என்.ஏ.வை வெளிநாட்டில் உள்ள தங்கள் கூடத்துக்கு அனுப்புவோரும் உண்டு. அப்படியானால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் குறுக்கே வரும். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் சென்னைத் தரமணியில்தான் இருக்கிறது. அங்கே முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால், "மாதிரி இந்தியாவுக்குள்ளேயே வரிசைப்படுத்தப்படும்" என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். நான் இரண்டாவதைச் செய்தேன். நிம்மதி.

3. விலைப்பட்டியல்: பால் எடுத்தபின் அல்ல, அதற்கு முன்

எனக்கு வந்த பட்டியல்களில் ஒரு மாதிரிக்கு ரூ.4,000 முதல் ரூ.8,000 வரை இருந்தது. இதோடு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பட்டியலில் அது சின்ன எழுத்தில் இருக்கும். திட்டப் பணத்தில் கணக்குப் போடும்போது மறந்துவிடுவோம்.

என் இரண்டாம் முறைக் கணக்கு இது: 30 மாடு, கொட்டகையில் திறந்து மூடிய காலிக் குழாய் 3, டி.என்.ஏ. எடுக்கும் கட்டத்தின் காலிக் குழாய் 3, பி.சி.ஆர். காலி 1, தெரிந்த பாக்டீரியாக் கலவை 1. மொத்தம் 38. ஒன்று ரூ.5,500 வீதம் ரூ.2,09,000. வரியோடு ரூ.2,46,620. மாட்டு மாதிரி 30தானே என்று ரூ.1,65,000 கேட்டுத் திட்டம் எழுதியிருந்தால் பாதி வழியில் நின்றிருப்பேன்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை:

எந்தப் பகுதி, எந்த பிரைமர் (பி.சி.ஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு)? வரிசையை எழுத்தெழுத்தாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பின்னால் பிரைமரை வெட்டி எடுக்க அது வேண்டும்.

படிப்பு நீளம் 300 எழுத்து இருபுறமா, 250 இருபுறமா? வி3–வி4 துண்டு சுமார் 460 எழுத்து. இரு முனையிலிருந்தும் 300 படித்தால் நடுவில் 140 எழுத்து ஒன்றன்மேல் ஒன்று விழும். 250 என்றால் 40தான். முனையில் தரம் குறைந்ததை வெட்டியபின் அதுவும் போய், இரண்டு பாதியும் ஒட்டாமல் தொங்கும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் விபத்து. விலை குறைவாக இருக்கிறதே என்று பார்த்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 250தான் கிடைக்கும் என்றால் வி4 மட்டும் எடுங்கள்; அது சுமார் 250 எழுத்துதான்.

காலிக் குழாயையும் வரிசைப்படுத்துவார்களா? இதை எழுத்தில் வாங்குங்கள். "உங்கள் மாதிரி தரச்சோதனையில் தேறவில்லை" என்று சொல்லிக் காலிக் குழாயை ஓரம் கட்டிவிடுவார்கள். அது தேறாமல் இருப்பதுதானே நமக்கு வேண்டியது! பணம் முழுதாகத் தருகிறேன், டி.என்.ஏ. இல்லாவிட்டாலும் ஓட்டுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டாத, வடிகட்டாத மூலக் கோப்புகள் வருமா? சிலர் வண்ண வரைபடங்களை மட்டும் ஒரு அழகான அறிக்கையாக அனுப்புவார்கள். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஃபாஸ்ட்க்யூ கோப்புகள் வேண்டும்.

அரசுக் கல்லூரி என்றால் மூன்று விலைப்பட்டியல், கொள்முதல் குழு, பணி ஆணை என்று இன்னும் ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

4. கொட்டகையில்

பாதி வேலை கெடுவது இங்கேதான். ஆரோக்கியமான மடியிலிருந்து சுத்தமாக எடுத்த பாலில் பாக்டீரியா மிகமிகக் குறைவு. பல காம்புகளின் பாலை வளர்ப்புத் தட்டில் போட்டால் ஒன்றுமே முளைக்காது. ஆரோக்கியமான மடிக்குள் நிலையாக வாழும் பாக்டீரியாக் கூட்டம் உண்டா இல்லையா என்றே ஆய்வாளர்களிடையே சண்டை ஓடுகிறது. ஆக, காம்பின் தோலில் இருக்கும் ஒரு துளி அழுக்குக்கூட உங்கள் முழு முடிவையும் மாற்றிவிடும்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் இல்லாத இரண்டு விஷயம் நம் ஊரில் உண்டு. ஒன்று கன்று. பால் சுரக்க முதலில் கன்றை ஊட்டவிட்டுத்தான் பீச்சுவார்கள். கன்றின் எச்சில் நான்கு காம்பிலும் வழியும். கன்றை விடாதீர்கள் என்று சொல்ல முடியாது, மாடு பாலை அடக்கிக்கொள்ளும். ஊட்டவிட்டு, கன்றைப் பிரித்துக் கட்டியபின் சுத்தம் செய்ய ஆரம்பியுங்கள். எந்த மாட்டுக்குக் கன்று ஊட்டியது, எதற்கு ஊட்டவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு, எண்ணெய். கை வழுக்கப் பலர் காம்பில் விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தொட்டுக்கொள்வார்கள். அந்தக் கிண்ணம் மாதக் கணக்கில் கழுவப்படாமல் கொட்டகைச் சுவரின் மாடத்தில் இருக்கும், விளிம்பில் வைக்கோல் ஒட்டியிருக்கும். மாதிரி எடுத்து முடியும் வரை எண்ணெய் வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லி வையுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்ச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் செய்யும் வரிசை இது. மடியில் சாணி இருந்தால் தண்ணீர் விட்டுக் கழுவி, காகிதத் துண்டால் நன்றாகத் துடைத்து உலர்த்துவது. ஈர மடியிலிருந்து தண்ணீர் வழிந்து குழாய்க்குள் விழும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் மூன்று நான்கு பீச்சு, கறுப்புத் தட்டு போட்ட கோப்பையில். தரையில் பீச்ச வேண்டாம். திரிதிரியாக வருகிறதா என்றும் கோப்பையில்தான் தெரியும். பிறகு அயோடின் திரவத்தில் காம்பை முக்கி 30 வினாடி, புதுத் துண்டால் துடைப்பு. அப்புறம் 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் காம்பின் நுனியைத் தேய்ப்பது. பஞ்சு வெள்ளையாக வரும் வரை. காம்புக்குக் காம்பு புதுப் பஞ்சு. சுத்தம் செய்யும்போது எட்டத்தில் உள்ள காம்பிலிருந்து ஆரம்பித்துக் கிட்டத்துக்கு வாருங்கள். பால் எடுக்கும்போது கிட்டத்திலிருந்து எட்டத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் துடைத்த காம்பின் மேலேயே உங்கள் கை உரசும்.

ஆல்கஹால் உலர்ந்தபின், குழாயைச் சாய்த்துப் பிடித்துப் பீச்சுங்கள். நேராகப் பிடித்தால் மடியின் மயிரும் தூசியும் உள்ளே விழும். மூடியைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள், தரையில் வைக்காதீர்கள். 50 மி.லி. குழாயில் 40 மி.லி. போதும். கையுறையை மாட்டுக்கு மாடு மாற்றுங்கள்.

நான்கு காம்பையும் தனித்தனியாக எடுப்பதா, ஒன்றாகக் கலப்பதா? உங்கள் கேள்வியைப் பொறுத்தது. தனியாக எடுத்தால் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரே மாட்டின் நான்கு காம்பு நான்கு தனி மாதிரி ஆகாது. பத்து மாட்டை வைத்துக்கொண்டு எண்ணிக்கை நாற்பது என்று எழுதினால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

கொட்டகையை விட்டுக் கிளம்பும் முன் சி.எம்.டி., அதாவது கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை. நாலு குழித் தட்டில் பாலும் சமஅளவு மருந்தும் விட்டுச் சுற்றினால், வெள்ளணு அதிகமுள்ள பால் கூழாகக் கெட்டியாகும். பத்து வினாடி வேலை. அந்த முடிவை அங்கேயே மாட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு உடனே பயன்படுவது உங்கள் வரிசைப்படுத்தல் அல்ல, இதுதான். வசதி இருந்தால் பாலின் உடல் செல் எண்ணிக்கையும் பார்த்துவிடுங்கள், மி.லி.க்கு 2,00,000 என்ற எல்லையைத்தான் பெரும்பாலான ஆய்வுகள் வைத்துக்கொள்கின்றன.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை: இனம், எத்தனையாவது ஈற்று, கன்று போட்டு எத்தனை நாள், தீவனம், தரை மண்ணா சிமெண்டா, கையால் கறப்பா மெஷினா, கடைசியாக ஊசி எப்போது. கடைசிக் கேள்விக்கு "ஊசியே போடலீங்க" என்றுதான் பதில் வரும். மடிக்குள் ஏற்றும் மருந்துக் குழல் எப்போதாவது போட்டார்களா என்று தனியாகக் கேளுங்கள். பலர் அதை ஊசிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு மாதத்துக்குள் ஆன்டிபயாடிக் வாங்கிய மாட்டை நான் விட்டுவிட்டேன்.

சமீபத்தில் கன்று வீசிய மாடு இருந்தால் கவனம். கன்று வீச்சு நோயைத் தரும் புரூசெல்லா என்ற பாக்டீரியா பாலில் வரும், மனிதருக்கும் தொற்றும். கையுறை, முகக்கவசம் இல்லாமல் அந்தப் பாலைத் திறக்க வேண்டாம். ஆய்வகத்தில் உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள்தான் எந்தப் பச்சைப் பாலையும் திறக்க வேண்டும்.

5. ஐஸ் பெட்டியிலிருந்து ஃப்ரீசருக்கு

எடுத்த உடனே ஐஸ். நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகம். வெயிலில் பைக்கில் வைத்துக்கொண்டு அலைந்தால் நீங்கள் அளப்பது மடியில் இருந்ததை அல்ல, வழியில் பெருகியதை.

பாலை அப்படியே உறைய வைப்பது எளிது. ஆனால் உறையும்போது சில செல்கள் உடைந்து, டி.என்.ஏ. பாலில் கரைந்துவிடும். பின்னர் சுழற்றி அடியில் படிந்ததை மட்டும் எடுக்கும்போது அது மேல்நீரோடு போய்விடும். முடிந்தால் அன்றே சுழற்றி, அடிப்படிவை மட்டும் மைனஸ் 80இல் வையுங்கள். முடியாவிட்டால் எல்லா மாதிரியையும் பாலாகவே உறைய வையுங்கள். பாதி இப்படி, பாதி அப்படி என்பது மட்டும் கூடாது.

மார்க்கர் பேனாவில் எழுதிய பெயர், ஆல்கஹாலும் பால் கொழுப்பும் பட்ட கையால் தொட்டால் அழிந்துவிடும். எனக்கு இரண்டு குழாய் அப்படிப் பெயரில்லாமல் போனது. ஃப்ரீசர் லேபிள் வாங்குங்கள், மூடியிலும் பக்கத்திலும் எழுதுங்கள்.

6. டி.என்.ஏ. எடுப்பது

பாலில் கொழுப்பு, கேசின் என்ற புரதம், கால்சியம் மூன்றும் பி.சி.ஆரைக் கெடுக்கும். 4 டிகிரியில் 10,000 ஜிக்கு (புவியீர்ப்பைப்போல் 10,000 மடங்கு விசைக்கு) மேல் 20 நிமிடம் சுழற்றினால் மேலே வெண்ணெய் மாதிரி ஓர் அடை, நடுவில் நீர்த்த பால், அடியில் சின்னப் படிவு. அடையைக் கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் சுற்றி எடுத்துவிடலாம். சில பாக்டீரியா கொழுப்பிலேயே ஒட்டிக்கொண்டு மேலே போய்விடும் என்பதால் அடையையும் சேர்த்து எடுப்பவர்கள் உண்டு. எதைச் செய்தாலும் எல்லாவற்றுக்கும் அதையே செய்யுங்கள். படிவை பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் இரண்டு முறை அலசுங்கள்.

கிட் வாங்கும்போது உள்ளே சிறு மணிகள் போட்டு உலுக்கும் கட்டம் இருக்கிறதா பாருங்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இரண்டுக்கும் சுவர் தடிமன். மணி போட்டு உடைக்காவிட்டால் அவை குறைவாகவும் ஈ.கோலை வகையறா அதிகமாகவும் தெரியும். 50 மாதிரிக்கான கிட் எனக்கு ரூ.40,000 சுற்றி வந்தது. பதிவு செய்த பின் கைக்கு வர ஐந்து வாரம். ஒரே லாட் எண்ணில் எல்லாவற்றையும் வாங்குங்கள், அந்த எண்ணைக் குறித்து வையுங்கள். லாட் மாறினால் அதனுள் இருக்கும் அழுக்கும் மாறும்.

டி.என்.ஏ. அளவைப் பார்க்க நானோடிராப் கருவியை நம்ப வேண்டாம். இவ்வளவு குறைந்த அளவில் அது இஷ்டத்துக்கு எண் காட்டும். க்யூப்பிட் கருவியில் பாருங்கள். அதிலும் வருவதில் பெரும்பகுதி மாட்டு டி.என்.ஏ.தான். பாக்டீரியா எவ்வளவு என்று தெரிய 16எஸ் க்யூ.பி.சி.ஆர். (அளவையும் சொல்லும் பி.சி.ஆர்.) தனியாகப் போட வேண்டும். போடுங்கள், ஏன் என்று ஒன்பதாம் படியில் சொல்கிறேன்.

7. காலிக் குழாய்கள்

இதற்குத் தனித் தலைப்பு கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கொட்டகைக் காலி: கிருமி நீக்கிய உப்புக் கரைசல் உள்ள குழாயைக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பால் பீச்சும் நேரம் திறந்து வைத்து மூடுவது. ஒரு நாளுக்கு ஒன்று. காற்றும் உங்கள் கையும் கொண்டுவந்தது இதில் இருக்கும். டி.என்.ஏ. காலி: ஒன்றுமே போடாமல் கிட்டின் எல்லாக் கட்டத்தையும் கடத்துவது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்று. பி.சி.ஆர். காலியை நிறுவனம் போடும்; அதையும் வரிசைப்படுத்தித் தரச் சொல்லுங்கள். கடைசியாக, விலைக்குக் கிடைக்கும் தெரிந்த பாக்டீரியாக் கலவை. அதில் என்ன எவ்வளவு என்று பெட்டியிலேயே எழுதியிருக்கும். முழுச் செல்லாக வரும் வகையை வாங்குங்கள், அப்போதுதான் உங்கள் மணி உலுக்கலும் சோதிக்கப்படும்.

முக்கியமான பொறி இன்னொன்று. 30 மாட்டில் 15 நோயுள்ளது, 15 இல்லாதது என்றால், முதல் நாள் நோயுள்ளதை எல்லாம், மறுநாள் மற்றதை என்று டி.என்.ஏ. எடுக்காதீர்கள். நாளுக்கு நாள் மாறும் அழுக்கு, நோயின் வித்தியாசம் போலத் தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கலந்து எடுங்கள். நான் மூன்று தொகுதியாக, ஒவ்வொன்றிலும் இரண்டு வகையும் ஒரு காலியும் இருக்கும்படி எடுத்தேன்.

8. அனுப்புவது

டி.என்.ஏ.வாக அனுப்பினால் ஐஸ் பேக் போதும். பாலாகவோ படிவாகவோ அனுப்பினால்தான் ட்ரை ஐஸ். அது நாளுக்கு நாள் ஆவியாகிக் குறையும் என்பதால் நிறையவே போட வேண்டும், பெட்டியில் காற்று வெளியேற வழியும் வேண்டும். திங்கட்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கூரியர் கிடங்கில் கிடக்கும். தீபாவளி, பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம். பாதி டி.என்.ஏ.வை உங்கள் ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.

நான்கு வாரம் என்றார்கள். ஏழு வாரம் ஆனது.

9. கோப்பு வந்தபின்

வந்த அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். நிறுவனத்தின் இணைப்பு சில வாரத்தில் செத்துவிடும். கோப்போடு வரும் சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

மென்பொருளுக்குக் காசு வேண்டாம். சைம் 2, டாடா2 இரண்டுமே இலவசம். விண்டோஸ் என்றால் அதற்குள் லினக்ஸ் அமைத்துக்கொள்ள வேண்டும். 16 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினியில் 38 மாதிரியை ஓட்டிவிட்டேன். பெயரிடும் கட்டத்தில் சில்வா தரவுத்தளத்தின் தயார்நிலை வகைப்படுத்தியை இறக்கினால், அது உங்கள் சைம் பதிப்புக்கானதுதானா பாருங்கள். பதிப்பு மாறினால் புரியாத பிழைச் செய்தி வரும். நான் அதில் இரண்டு நாள் போக்கினேன்.

முதலில் பிரைமரை வெட்டுங்கள். பிறகு தர வரைபடத்தைப் பார்த்து நீளத்தைக் குறையுங்கள், ஆனால் இரு பாதியும் ஒட்ட இடம் மிச்சம் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை படிப்பு (படிக்கப்பட்ட டி.என்.ஏ. துண்டு) மிஞ்சியது என்ற அட்டவணையைப் பாருங்கள். ஒட்டும் கட்டத்தில் முக்கால்வாசி காணாமல் போயிருந்தால் நீங்கள் அதிகம் வெட்டிவிட்டீர்கள். நோவாசெக் இயந்திரத் தரவு என்றால் தர எண்கள் சில படிகளாகச் சுருக்கப்பட்டிருக்கும். டாடா2 பிழையைக் கற்கும் வரைபடம் கோணலாக வந்தால் காரணம் அதுதான்.

பெயரிட்டபின் மைட்டோகாண்ட்ரியா, குளோரோபிளாஸ்ட் என்று வருவதை நீக்குங்கள். முதலாவது மாட்டுடையதாகவோ தீவனச் செடியுடையதாகவோ இருக்கும், இரண்டாவது அது தின்ற புல்லுடையது.

இப்போது காலிக் குழாய். டீகான்டாம் என்ற ஆர் மொழித் தொகுப்பு, காலியில் அதிகம் வருவதையும், டி.என்.ஏ. குறையக் குறையக் கூடுவதையும் அழுக்கு என்று குறித்துக் கொடுக்கும். அது குறித்ததை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு நீக்க வேண்டாம். என் காலிக் குழாய் ஒன்றில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கொஞ்சம் இருந்தது. பி.சி.ஆர். தட்டின் பக்கத்துக் குழியில் இருந்த மடிநோய்ப் பாலிலிருந்து தெறித்தது அது. அதை நீக்கியிருந்தால் ஆய்வே போயிருக்கும். ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் இரண்டும் மாட்டு மாதிரியைவிடக் காலியில் அதிகம் இருந்தன. அவை போனபின் மிஞ்சியவை ஸ்டெஃபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், கோரினிபாக்டீரியம், ஆசினெட்டோபாக்டர். பால் படிப்பவர்களுக்குப் பழகிய முகங்கள். மூன்று மாட்டு மாதிரி காலியைப் போலவே இருந்ததால் கைவிட்டேன். முதல் தடவை டீ வாங்கிக் கொடுத்த ரால்ஸ்டோனியாவை நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்தில் தெரிவது விகிதம் மட்டுமே. ஒன்று கூடினால் மற்றது தானாகக் குறைந்ததாகத் தெரியும். "நோயுள்ள பாலில் கோரினிபாக்டீரியம் குறைந்தது" என்று எழுத வேண்டுமானால் மொத்த எண்ணிக்கை தெரிய வேண்டும். க்யூ.பி.சி.ஆர். போடச் சொன்னது இதற்குத்தான். இன்னொன்று, செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வும் இதில் வரும். இருக்கிறது என்பதை உயிரோடு இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள்.

10. தரவைப் பதிவேற்றுவது

கட்டுரை அனுப்புவதற்கு முந்தைய இரவு செய்யும் வேலை அல்ல இது. ஒரு வாரம் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் என்.சி.பி.ஐ. மரபணுத் தரவுத் தளத்தில் திட்டம், மாதிரி, கோப்பு என்று மூன்று அடுக்காகப் பதிய வேண்டும். அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்றால் ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்திலும் வைக்கச் சொல்வார்கள். உங்கள் நிதி ஆணையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

உயிரினத்தின் பெயர் கேட்கும் கட்டத்தில் பசுவின் பெயரைப் போட்டால் தவறு. பால் மெட்டாஜீனோம் என்பதைத் தேர்ந்தெடுத்து, பசுவை ஓம்புயிர் என்ற கட்டத்தில் போடுங்கள். எல்லா மாதிரிக்கும் ஒரே தேதி, ஒரே ஊர், ஒரே விவரம் கொடுத்தால் "வேறுபடுத்த முடியவில்லை" என்று திருப்பிவிடும். மாட்டின் எண்ணை ஒரு பத்தியாகச் சேர்த்தால் சரியாகிவிடும். இடத்துக்கு மாவட்டம் போதும். மாட்டுக்காரர் வீட்டைக் காட்டும் அளவுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் நீங்கள் கையெழுத்து வாங்கிய அந்த ஒரு வரி பொய்யாகிவிடும். காலிக் குழாய்களின் கோப்புகளையும் மறக்காமல் ஏற்றுங்கள். வெளியிடும் தேதியை ஓராண்டு தள்ளி வைத்துக்கொள்ளலாம், கட்டுரை வந்ததும் நீங்களே முன்னால் இழுத்துக்கொள்ளலாம். என் மாதிரி விவரத் தாள் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாம் முறைதான் பதிவெண் கிடைத்தது.